40-க்கும் 42-க்கும் நடுவே

உலக சுகாதார அமைப்பு வெளியிடும் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் அடுத்தடுத்து மூன்று எண்கள் இருக்கின்றன: 6பி40, 6பி41, 6பி42. முதலாவது, பி.டி.எஸ்.டி. என்று பத்திரிகைகளில் நாம் படிக்கிற, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறு. மூன்றாவது, நெருங்கியவரை இழந்த துக்கம் மாதக்கணக்கில் ஆறாமல் ஆளையே முடக்கிப் போடும் நிலை. நடுவில் இருப்பது காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி. தப்பிக்க வழியில்லாமல் நெடுங்காலம் அனுபவித்த கொடுமை, ஒரு மனிதரை உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதற்கான பதிவு அது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனக்கென்று ஒரு கையேடு வைத்திருக்கிறது. டி.எஸ்.எம். என்று பெயர். அமெரிக்காவுக்கு எழுதப்பட்டது என்றாலும், பல நாடுகளில் மனநலம் படிக்கிற மாணவர்கள் அதையும் புரட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் கையேட்டில் 40 இருக்கிறது. 2022 மார்ச்சில் வந்த திருத்தப் பதிப்பில் 42-க்கு உரிய துக்கக் கோளாறும் சேர்ந்துவிட்டது. 41 மட்டும் இல்லை. ‘இன்னும் ஆராய வேண்டியவை’ என்று கையேட்டின் பின்பகுதியில் ஒரு பட்டியல் உண்டு. காபியிலும் டீயிலும் உள்ள கஃபீனை விட முடியாமல் தவிப்பதற்குக்கூட அந்தப் பட்டியலில் இடம் கிடைத்திருக்கிறது. 41-க்கு அங்கும் கிடைக்கவில்லை.

இதைச் சேர்க்கச் சொல்லி முப்பது ஆண்டுகளாக மருத்துவர்களும் பாதிக்கப்பட்டவர்களும் கேட்டு வருகிறார்கள். கேட்பவர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதல் என்பது என் எண்ணம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் எதிர்ப்பவர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பி.டி.எஸ்.டி.க்கு உலக சுகாதார அமைப்பு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. ஒன்று, நடந்து முடிந்த பயங்கரம் பழைய நினைவாக வராமல், இந்த நிமிடம் நடப்பதுபோல் கண்முன் வந்து நிற்பது. கனவிலும் வரும், பட்டப்பகலிலும் வரும். இரண்டு, அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் விட்டு விலகி ஓடுவது. மூன்று, ஆபத்து இன்னும் பக்கத்திலேயே இருப்பதுபோல் உடம்பு எப்போதும் விறைப்பாக இருப்பது. கதவு படாரென்று சாத்தினால் தூக்கிவாரிப் போடும். பேருந்தில் பின்னால் ஆள் உட்கார்ந்தால் பொறுக்காது.

காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி. என்று சொல்ல இந்த மூன்றும் இருந்தாக வேண்டும். கூடவே இன்னும் மூன்று வேண்டும். உணர்ச்சி கைக்குள் நிற்காது: சின்னச் சொல்லுக்குக் கொதித்து எழுவார்கள், அல்லது எது நடந்தாலும் ஒன்றுமே தோன்றாமல் மரத்துப்போய்விடுவார்கள். தன்னைப் பற்றிய எண்ணம் நொறுங்கிக் கிடக்கும்: ‘நான் எதற்கும் லாயக்கில்லை, நடந்ததெல்லாம் என் தப்புதான்’ என்ற வெட்கமும் குற்ற உணர்வும் விடாது. மூன்றாவது, யாரோடும் நெருங்கி இருக்க முடியாது. அன்பாக ஒருவர் வந்தாலும் சந்தேகம் வரும், விலகிவிடுவார்கள்.

எதனால் வருகிறது என்பதற்கு உலகப் பட்டியல் சொல்லும் எடுத்துக்காட்டுகளைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். சித்திரவதை, அடிமைத்தனம், இனப்படுகொலை, நீண்டகாலக் குடும்ப வன்முறை, குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப நடந்த பாலியல் கொடுமை அல்லது அடி உதை. முதல் மூன்றையும் அடுத்த இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியதற்குப் பின்னால் பெரிய சண்டை ஒன்று இருக்கிறது. சித்திரவதை முகாமும் நாலு சுவருக்குள் இருக்கிற வீடும் மனதைச் சிதைக்கும் விதத்தில் ஒன்றுபோல இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ளவே மருத்துவ உலகத்துக்கு வெகு காலம் ஆயிற்று.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் எந்த ஊர் மருத்துவமனை வரிசையிலும் நிற்கக்கூடியவர். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை வீட்டுக்கு வந்துபோன உறவினர் ஒருவரால் சீரழிக்கப்பட்டவர். இன்று வயது முப்பத்தெட்டு. தலைவலி, நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை. பொது மருத்துவர் கேஸ் ட்ரபிள் என்கிறார். இன்னொருவர் தூக்க மாத்திரை எழுதுகிறார். மனநல மருத்துவர் ஒருவர் டிப்ரஷன் என்கிறார். மற்றொருவர், இவர் கோபப்படுவதையும் உறவுகளை அறுத்துக்கொள்வதையும் பார்த்துவிட்டு, ஆளுமைக் கோளாறு என்று எழுதிவைக்கிறார். வீட்டில் திமிர் என்பார்கள். கொஞ்சம் மேலே போய்க் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிப்பார்கள். எட்டு வயதில் என்ன நடந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்பதற்கு அவர்கள் கையிலிருக்கும் படிவத்தில் இடமே இருந்திருக்காது.

பெயருக்காகப் போராடுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. பட்டியலில் ஓர் எண் வந்துவிட்டால், மாணவர்களுக்கு அது பாடமாகும். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்க முடியும். காப்பீட்டு நிறுவனம், நீதிமன்றம், அகதி விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி ஆகிய எல்லோருக்கும் எடுத்துக்காட்ட ஓர் ஆதாரம் கிடைக்கும். நோயாளியின் வாயைக் கிளறவேண்டிய கேள்வி மருத்துவரின் படிவத்தில் ஏறும்.

முந்தைய சண்டை

இப்போது எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிற பி.டி.எஸ்.டி.யே போராடி வாங்கிய பெயர்தான். அந்தக் கதை தெரியாவிட்டால் இந்தக் கதை பாதிதான் புரியும்.

முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்தில் நடுங்கிப்போன சிப்பாய்களுக்கு ‘ஷெல் ஷாக்’ என்று பெயர் வைத்தார்கள். சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1915-ல் லான்செட் இதழில் அந்தப் பெயரோடு எழுதினார். மருத்துவம் பெயர் வைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் தன் கையாலேயே சுட்டுக்கொன்றது. அவர்களில் எத்தனை பேர் மனம் குலைந்தவர்கள் என்று அன்று யாரும் நின்று பார்க்கவில்லை. 306 பேருக்கு 2006-ல் மன்னிப்பு வழங்கியது பிரிட்டிஷ் அரசு. தொண்ணூறு ஆண்டுத் தாமதம்.

அமெரிக்கக் கதை இன்னும் விசித்திரமானது. 1952-ல் வந்த முதல் டி.எஸ்.எம். கையேட்டில், போர் போன்ற கடும் நெருக்கடியில் நல்ல மனநிலை உள்ளவரும் குலைந்துபோகலாம் என்று ஒரு பதிவு இருந்தது. இரண்டாம் உலகப் போர் கற்றுக்கொடுத்த பாடம். 1968-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்தப் பதிவைக் காணோம். வியட்நாமில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்த ஆண்டு அது.

1969-ல் பாஸ்டன் நகரின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் சேரா ஹேலி என்ற சமூகப் பணியாளர் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு சிப்பாய் அவரிடம் பேசினார். வியட்நாம் கிராமம் ஒன்றில் தன் படைப்பிரிவு பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது, தான் சுடவில்லை, வெளியே சொன்னால் கூட்டாளிகளே தன்னைத் தீர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் இருப்பதாகச் சொன்னார். மருத்துவர்கள் கூடிப் பேசி அவருக்கு ஸ்கிட்சோஃப்ரீனியா என்றார்கள். இல்லாததைக் கற்பனை செய்து பயப்படுகிறார் என்பது முடிவு. ஹேலி மட்டும் அந்த மனிதர் சொல்வது நிஜமாக இருக்கலாம் என்றார். சக ஊழியர்கள் சிரித்தார்கள். சில வாரங்களில், அந்தச் சிப்பாய் சொன்ன மை லாய் படுகொலை உலகத்துக்கே தெரிந்துவிட்டது. கொடுமையைச் சொல்கிற நோயாளியை எப்படிக் கேட்பது என்று ஹேலி 1974-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

1970 முடிவில் நியூயார்க்கில், போரை எதிர்த்த முன்னாள் சிப்பாய்கள் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், ஹயிம் ஷட்டான் என்ற இரண்டு மனநல மருத்துவர்களை அவர்களே கூப்பிட்டார்கள். வைத்தியம் பார்க்க அல்ல, சமமாக உட்கார்ந்து கேட்க. ஷட்டான் 1972-ல் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதிப் பொதுமக்கள் முன் வைத்தார். டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்புக்கான குழு ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் வேலையைத் தொடங்கியபோது, போர் பாதிப்புக்கென்று தனி இடம் தரும் எண்ணம் அங்கே இல்லை. செயின்ட் லூயிஸ் நகரின் செல்வாக்குள்ள ஆராய்ச்சியாளர்கள், டிப்ரஷன், குடிப்பழக்கம் போன்ற இருக்கிற பெயர்களே போதும் என்றார்கள். இந்த வாதத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபதாண்டு கழித்து வேறு வாயிலிருந்து இதே வாதம் திரும்பி வரும்.

சிப்பாய்கள் பக்கம் ஒரு குழு அமைந்தது. நூற்றுக்கணக்கான பேரின் விவரங்களைத் திரட்டினார்கள். முகாம்களிலிருந்து தப்பிய யூதர்களிடம் வேலை செய்தவர்களின் அனுபவத்தையும், தீக்காயம் பட்டவர்களை ஆராய்ந்தவர்களின் அனுபவத்தையும் கூட்டிச் சேர்த்தார்கள். இது மிகவும் சாமர்த்தியமான காரியம். ‘வியட்நாம் நோய்’ என்று கேட்டிருந்தால் அரசியல் என்று ஒதுக்கியிருப்பார்கள். போர், முகாம், தீ, வல்லுறவு எல்லாமே ஒரே மாதிரிக் காயத்தை விடுகின்றன என்று காட்டியபோது மறுக்க முடியவில்லை. 1980-ல் மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. ஏறியது.

வீடு என்னும் சிறை

1980 வரையறையில் ஓர் ஓட்டை இருந்தது. சாதாரண மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்ட நிகழ்வால்தான் இந்தக் கோளாறு வரும் என்பது அதன் விளக்கம். குண்டு விழுவது அசாதாரணம், சரி. மனைவியை அடிப்பது? வீட்டுக்குள் சிறுமி சீரழிக்கப்படுவது? பெண்களின் வாழ்க்கையில் இது எவ்வளவு சாதாரணம் என்பதுதானே பிரச்சினையே. இந்த வாசகம் 1994 பதிப்பில் கைவிடப்பட்டது. அதுவரை பதினான்கு ஆண்டுகள் அது அச்சில் இருந்தது.

அந்தக் காலத்து மருத்துவம் இதைப் பற்றி எவ்வளவு அறியாமல் இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். அமெரிக்க மனநல மாணவர்கள் 1975-ல் படித்த தலையாய பாடநூல், குடும்பத்துக்குள் நடக்கும் தகாத பாலியல் உறவு பத்து லட்சத்துக்கு ஓரிரண்டு என்று மதிப்பிட்டிருந்தது. மாசசூசெட்ஸில் பெண்களுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த ஜூடித் ஹெர்மனிடம் அப்படிப்பட்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். தந்தையால் பாதிக்கப்பட்ட மகள்களைப் பற்றி அவர் 1981-ல் ஒரு நூல் எழுதினார். 1992-ல் அடுத்த நூல். அதில்தான் காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி. என்ற தனி நோயறிதல் வேண்டும் என்ற கோரிக்கை முழு உருவில் வந்தது.

ஹெர்மனின் வாதத்தின் உயிர், சிறைப்பட்டிருத்தல் என்ற கருத்தில் இருக்கிறது. ஒரு முறை தாக்கப்படுபவர் தாக்கியவரை விட்டு ஓடிவிடலாம். சிறைப்பட்டவர் தன்னைத் துன்புறுத்துபவரோடேயே இருக்க வேண்டும். அவன் முகம் பார்த்துச் சாப்பிட வேண்டும், அவன் கோபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க வேண்டும், சில நேரம் அவனிடமே ஆறுதலும் தேட வேண்டும். போர்க் கைதியின் சிறைக்குக் கம்பி தெரியும். அடிபடும் மனைவிக்கும் குழந்தைக்கும் கம்பி தெரியாது. பணமில்லாமை, போக இடமில்லாமை, ஊர் வாய், பயம் ஆகியவையே கம்பி. இப்படி வருடக்கணக்கில் வாழ்ந்தவர் வெளியே வரும்போது பயங்கரக் கனவோடு மட்டும் வருவதில்லை. தான் யார் என்பதே மாறிப்போய் வருகிறார். குழந்தை என்றால் இன்னும் மோசம், மாறுவதற்கு முன்பு ஒரு ‘தான்’ உருவாகவே நேரம் கிடைத்திருக்காது.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. உலகப் பட்டியலின் 10ஆம் பதிப்பில், பெருங்கொடுமைக்குப் பிறகு ஆளுமையே நிரந்தரமாக மாறிவிடும் நிலை என்று எஃப்62.0 என்ற எண்ணில் ஒரு பதிவு இருந்தது. வதை முகாம், சித்திரவதை, பிணைக்கைதியாக இருந்தது போன்றவை அதில் எடுத்துக்காட்டுகள். வளர்ந்த மனிதருக்கு வந்த மாற்றத்தைத்தான் அது பேசியது. குழந்தைப் பருவம் முழுக்கக் கொடுமையில் கழிந்தவருக்கு மாற்றம் எங்கே தொடங்கியது என்று காட்டுவது?

டி.எஸ்.எம். நான்காம் பதிப்புக்காகக் கள ஆய்வு நடந்தது. அதற்கான குழு 19-க்கு 2 என்ற வாக்கில் புதிய நோயறிதலை ஆதரித்தது என்று அந்தக் குழுவில் இருந்த பெசல் வான் டெர் கோல்க் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1994-ல் புத்தகம் வந்தபோது அது தனி நோயாக இல்லை, பி.டி.எஸ்.டி.யோடு சேர்ந்து வரக்கூடியவை என்று ஒரு வரியில் ஒடுங்கியிருந்தது. குழந்தைகளுக்கென்று தனி நோயறிதல் வேண்டும் என்று வான் டெர் கோல்க்கும் சகாக்களும் 2009-ல் கொடுத்த விண்ணப்பமும் ஏற்கப்படவில்லை. 2013-ல் ஐந்தாம் பதிப்பு. அதிலும் இல்லை.

எதிர்ப்பவர்கள் சொல்வது

முதல் எதிர்வாதம் எண்ணிக்கை சார்ந்தது. கள ஆய்வில் இந்தப் புதிய நிலை உள்ளவர்களில் 92 சதவீதம் பேருக்குப் பழைய பி.டி.எஸ்.டி.யும் இருந்தது. அப்படியென்றால் இது தனி நோயா, அதே நோயின் முற்றிய வடிவமா? நியாயமான கேள்வி. இந்தச் சிந்தனையில்தான் ஐந்தாம் பதிப்பு பி.டி.எஸ்.டி.யையே அகலப்படுத்தியது. தன்னைப் பற்றிய கெட்ட எண்ணம், விடாத குற்ற உணர்வு, கண்மூடித்தனமாக நடந்துகொள்வது எல்லாவற்றையும் உள்ளே இழுத்து அறிகுறிகளை இருபதாக்கியது. தன்னை விட்டுத் தானே விலகி நிற்பதுபோல் உணரும் ஒரு துணை வகையும் சேர்ந்தது. எல்லாம் உள்ளே வந்துவிட்டதே, தனி எண் எதற்கு என்கிறார்கள்.

இதற்குப் பதில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கில் இருக்கிறது. 2013-ல் வந்த கட்டுரை. ஐந்தாம் பதிப்பின் விதிப்படி ஒருவருக்கு பி.டி.எஸ்.டி. என்று சொல்ல எத்தனை விதமான அறிகுறிச் சேர்க்கைகள் சாத்தியம் என்று எண்ணினார்கள். விடை 6,36,120. ஒரே பெயரின் கீழ் இத்தனை வடிவங்கள். பெரிய சந்தையில் எல்லாச் சரக்கையும் ஒரே மூட்டையில் கட்டி ஒரே விலை எழுதிவைத்தால் வாங்குபவன் எதைப் பார்த்து வாங்குவான்? உலக சுகாதார அமைப்பு எதிர்த்திசையில் போயிற்று. பி.டி.எஸ்.டி.யை ஒல்லியாக்கி மூன்று அடையாளங்களில் நிறுத்தியது. மிச்சத்தை 41-க்குக் கொடுத்தது. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. இரண்டு முறைகளில் எது மருத்துவரின் கையில் சுலபமாக இருக்கும் என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. இது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுதானே, பெயரை மாற்றிக் கேட்கிறீர்கள் என்பது. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கோபம், உறவில் குழப்பம், வெறுமை. ஆராய்ச்சியாளர் மேரிலின் க்ளோய்ட்ரும் சகாக்களும் சிறுவயதில் கொடுமைக்கு ஆளான பெண்களின் அறிகுறிகளைப் பிரித்துப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். பார்டர்லைனில் ‘என்னை விட்டுப் போய்விடாதே’ என்ற பதற்றம் முன்னே நிற்கிறது. தான் யார் என்பது நாளுக்கு நாள் மாறுகிறது. ஒருவரை இன்று தலையில் வைத்துக் கொண்டாடி நாளை தூக்கிப்போடுவது நடக்கிறது. காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி.யில் தன்னைப் பற்றிய எண்ணம் மாறுவதே இல்லை, கெட்டதாகவே உறைந்து கிடக்கிறது; உறவைப் பிடித்துத் தொங்குவதைவிட உறவுக்குள் வராமல் ஒதுங்குவதே அதிகம். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்பதும் உண்மை. எல்லைக்கோடு அழுத்தமாக இல்லை என்று எதிர்ப்பவர்கள் சொல்வதில் பாதியளவு சத்தியம் இருக்கிறது.

ஆனால் ‘ஆளுமைக் கோளாறு’ என்று கோப்பில் ஏறியவரிடம் பல மருத்துவமனைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ‘இவங்க இப்படித்தான்’ என்ற முகபாவம் வந்துவிடும். வலி என்றால் நாடகம் என்பார்கள். எட்டு வயதில் நடந்தது இவர் குணத்தின் குறையாக மாறிவிடும்.

மூன்றாவது எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. எல்லாத் துயரத்தையும் நோயாக்காதீர்கள் என்பது. சமூக ஊடகத்தில் கண்டிப்பான பெற்றோருக்கும், கசந்துபோன காதலுக்கும் இந்தப் பெயரை ஒட்டிக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது இந்தக் கவலை பொய் என்று சொல்ல முடியாது. இதற்கு நல்ல மருந்து, வரையறையை அதிகாரபூர்வமாக்குவதுதான். 41-க்குள் நுழைய முதல் மூன்று அடையாளங்களும் வேண்டும், அடுத்த மூன்றும் வேண்டும், அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றைச் சோதிக்க க்ளோய்ட்ரின் குழு உருவாக்கிய பதினெட்டுக் கேள்விகள் கொண்ட படிவம் இலவசமாகவே கிடைக்கிறது. வரையறை இல்லாத இடத்தில்தான் பெயர் கண்டபடி மேயும்.

ஈழத்திலிருந்து ஒரு குரல்

இந்தத் துறையில் தமிழர்களின் பங்கு ஓரமானதல்ல. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அந்த அனுபவத்தை 1998-லும் 2014-லும் ஆங்கில நூல்களாக எழுதினார். தனிமனிதரை மட்டும் அளந்து பி.டி.எஸ்.டி. என்று எழுதிவிட்டால், ஊரே குலைந்துபோனதைத் தவறவிடுவோம் என்பது அவர் வலியுறுத்தியது. உறவுகள் சிதறி, கோயில், பள்ளி, பக்கத்து வீட்டு நம்பிக்கை எல்லாம் அழிந்த இடத்தில் ஒருவரை மட்டும் தனியே உட்காரவைத்துக் குணமாக்க முடியாது. இதைக் கூட்டு மனவடு என்ற கருத்தாக அவர் வளர்த்தெடுத்தார். சிட்னியில் குடியேறிய ஈழத் தமிழ் அகதிகளைப் பற்றி 1990களில் நடந்த ஆய்வுகள், ஊரில் பட்டதோடு புது நாட்டில் விசாவுக்காகப் படும் பாடும் சேர்ந்துதான் மனதை அழுத்துகிறது என்று காட்டின.

டெரெக் சம்மர்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் இன்னும் கடுமையாகப் பேசினார். போர்ப் பகுதி மக்களிடம் மேற்கத்தியக் கோளாறுப் பட்டியலை நீட்டுவதே தவறு, அவர்களுக்கு வேண்டியது நியாயமும் வாழ்வாதாரமும் என்றார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நியாயமும் வேண்டும், தூக்கமும் வேண்டும். ஒன்றைக் கேட்பவர் மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆனால் 41-ஐப் பயன்படுத்தும் மருத்துவர், சோமசுந்தரம் சொன்னதை மறந்தால், பாதி வேலைதான் செய்தவராவார்.

பெயர் வந்தால் வைத்தியம் மாறுமா?

கொஞ்சம் மாறும். பி.டி.எஸ்.டி.க்கு, நடந்ததை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துப் பேசிப் பதப்படுத்தும் சிகிச்சைகள் நன்றாக வேலை செய்கின்றன. காம்ப்ளெக்ஸ் வகையில், நேரே அங்கே போவதற்கு முன் உணர்ச்சியைக் கையாளவும் பத்திரமாக உணரவும் பழக்க வேண்டும் என்பது ஹெர்மன் காலத்து மூன்று கட்ட முறை. அந்த முதல் கட்டம் அவசியமே இல்லை, காக்கவைப்பதுதான் தீங்கு என்று வாதிடும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். விவாதம் முடியவில்லை. இரு தரப்பும் ஒத்துப்போகும் விஷயம், நான்கைந்து அமர்வில் முடிகிற வேலை இது அல்ல என்பது. இதற்கென்று தனியாக அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. கூடவே இருக்கும் டிப்ரஷனுக்கும் பதற்றத்துக்கும் மருந்து உதவும்.

நம் நாட்டில்

இந்தியாவில் நிலைமை அமெரிக்காவுக்கு நேர்மாறானது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மனநோயைத் தீர்மானிக்க மத்திய அரசு அறிவிக்கும் மருத்துவத் தரங்களைச் சொல்லும்போது, உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பைப் பெயர் குறிப்பிட்டே சேர்க்கிறது. அமெரிக்காவில் முப்பதாண்டு கேட்டும் கிடைக்காத எண், இங்கே யாரும் கொடி பிடிக்காமலேயே சட்டம் சுட்டிக்காட்டும் புத்தகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது.

போராடாமல் கிடைத்ததால் ஒரு நஷ்டமும் உண்டு. அமெரிக்காவில் சிப்பாய்களும் பெண்களும் தெருவில் இறங்கியபோது, பெயரோடு சேர்ந்து ஊருக்கே விஷயமும் தெரிந்தது. இங்கே எண் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் இல்லை. கூட்டம் அலைமோதும் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், சிறுவயதில் என்ன நடந்தது என்று மருத்துவர் கேட்க மாட்டார். நம் ஊரில் இனி நடக்க வேண்டிய வாதாடல் மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்திலும், குடும்ப வன்முறை வழக்குகளைப் பார்க்கும் பாதுகாப்பு அலுவலர்களிடமும், போக்சோ வழக்கில் குழந்தையோடு வேலை செய்யும் ஆலோசகர்களிடமும் இருக்கிறது. குற்றவாளிக்குத் தண்டனை வாங்கிக் கொடுப்பதோடு வழக்கு முடிகிறது. அந்தக் குழந்தை முப்பது வயதில் எந்த மருத்துவரிடம் போய் எதற்கு மாத்திரை வாங்கும் என்பதைப் பற்றி யாருடைய கோப்பிலும் ஒன்றும் இல்லை.

தன் நிலை இதுவாக இருக்கலாம் என்று நினைப்பவர் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போக வேண்டியதில்லை. எத்தனை வயதில் தொடங்கியது, எவ்வளவு காலம் நடந்தது, தப்பிக்க முடிந்ததா. இப்போது கனவு, திடுக்கிடல், விலகி ஓடுதல் இருக்கிறதா. தன்னைப் பற்றி என்ன நினைப்பு ஓடுகிறது. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் நீட்டினால் போதும். வாயால் சொல்வதைவிட அது எளிது. முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் கட்டணமில்லாதது, தமிழிலும் பேசலாம்.

இன்னொன்று. நம் ஊர்களில் மனநல மருத்துவரிடம் பெண்கள் தனியாகப் போவது குறைவு. கணவரோ மாமியாரோ அம்மாவோ பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள், கேட்கிற கேள்விக்கு அவர்களே பதிலும் சொல்வார்கள். கொடுமை செய்தவரோ, அது தெரிந்தும் மூடி மறைத்தவரோ அந்த நாற்காலியில் இருக்கலாம். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம். சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் உரிமை. கூட வந்தவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்வது மருத்துவரின் வேலை. அவர் சொல்லாவிட்டால், வரிசையில் பெயர் கூப்பிடும் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.